டைமண்ட் ஏஸைத் தூக்கிப் போட்ட சம்பந்தியம்மா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலை மேல் கரியாலூர். ஏரியைப் பார்த்த ஒரு விடுதி வராந்தா. என் சம்பந்தியம்மா தன் கையிலிருந்த டைமண்ட் ஏஸை எடுத்தார். சீட்டுக் கட்டிலேயே அதைவிடப் பெரிய டைமண்ட் கிடையாது. அதைப் பழைய பஸ் டிக்கெட்டைப் போடுவது மாதிரி மேஜையில் போட்டார்.

வெட்டவில்லை, பிடிக்கவில்லை. வேண்டாம் என்று போட்டார்!

எதிரே உட்கார்ந்திருந்தது நான். "ஐயையோ, என்னங்க பண்றீங்க?" என்று கேட்கலாமா? கூடாது. கண்ணால் ஜாடை காட்டலாமா? அதுவும் கூடாது. ஏன் கூடாது என்று சொல்கிறேன். சீட்டாட்டமே தெரியாதவர்களும் தைரியமாகக் கூட வரலாம்... தெரிய வேண்டியது கொஞ்சம்தான். அதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சம்பந்தியம்மா. என் மகளின் மாமியார். பெயர் கலைச்செல்வி. அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது அவர்தான், குரல் இன்னும் ஆகவில்லை. பேரனை "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டால் எதிர் வீட்டுக்காரர் அட்டென்ஷனில் நிற்கிறார்.

சொந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. அவருடைய அப்பா கரும்பு போட்டவர். அரவை சீசனில் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசை நகர்கிற வரை என்ன செய்வது? வண்டி நிழலில் துண்டை விரித்து முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். அப்பா அந்த ஆட்டத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அம்மா, அத்தை, அக்கா என்று வீடே ஆடுமாம்.

அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய ஆள். அவருக்கு அடுத்தது ஒன்பது. ஏஸ் அதற்கும் கீழே, மூன்றாவது ஆள். ராஜா, ராணியெல்லாம் எடுபிடிகள்.

நான் ஆடுவது காண்ட்ராக்ட் பிரிட்ஜ். வங்கி வேலையில் சேலத்தில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட வியாதி. இதில் எல்லாருக்கும் மேலே ஏஸ். பிறகுதான் ராஜா, ராணி, ஜாக்கி. கள்ளக்குறிச்சியில் ரஹீம் பாயின் ஜவுளிக்கடை மாடிதான் எங்கள் க்ளப். பாய்தான் செயலாளர். எங்களுக்கு வயதும் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆளும் குறைந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் நாலாவது ஆள் வராமல் போக, "எனக்கு சீட்டு தெரியும் சம்மந்தி" என்று சொல்லியிருந்தாரே என்று இவரைக் கூட்டிப் போனேன்.

முதல் நாளே ஜாக்கியைப் பத்திரமாகப் பொத்தி வைத்துக்கொண்டு ஏஸை அள்ளி விட்டார். மாடி அதிர்ந்தது. பல் டாக்டர் சேகர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சிரிங்க சார், நல்லா சிரிங்க. கத்துக்கினு வந்து வெச்சிக்கறேன்" என்றார் இவர். கற்றுக்கொண்டும் வந்தார். நானும் அவரும் ஜோடி சேர்ந்தோம்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பிரிட்ஜில் சம்பந்திகளைப் போல ஜோடி அமையாது. கணவன் மனைவி ஜோடி சேர்ந்தால் மூன்றாவது ஆட்டத்தில் கல்யாண நாள் வரைக்கும் பேச்சு போய்விடும். சம்பந்தியிடம் "ஏங்க அதைப் போட்டீங்க?" என்று கேட்க முடியுமா? கேட்டுவிட்டு மகள் வீட்டில் போய் காபி குடிக்க முடியுமா? "அதனால என்னங்க, அடுத்த கை பாத்துக்கலாம்" என்பதைத் தவிர இதுவரை நாங்கள் வேறு எதுவும் சொன்னதில்லை. உள்ளே எரியும். அது வேறு.

வருடா வருடம் புதுச்சேரியில் ஒரு போட்டி நடக்கும். எங்கள் க்ளப்பிலிருந்து ஒரு ஜோடி போகும். எந்த ஜோடி என்று தீர்மானிக்கிற ஆட்டத்தை மட்டும் நாங்கள் ஊரில் வைப்பதில்லை. மலைக்குப் போய்விடுவோம். ஊரில் என்றால் "பாய், அந்த மாம்பழக் கலர் பட்டு எந்த அலமாரி?" என்று கீழேயிருந்து குரல் வரும். டாக்டருக்கு யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கரியாலூரில் போனில் சிக்னல் வந்து வந்து போகும். புடவைக்கும் பல்லுக்கும் அங்கே வேலையில்லை.

இந்த வருடம் மோதியது இரண்டு ஜோடி. பாயும் டாக்டரும் ஒரு பக்கம். நானும் சம்பந்தியம்மாவும் ஒரு பக்கம். இதுவரை எப்போதும் போனது பாய் ஜோடிதான். அவர்களுக்கு அது கிட்டத்தட்ட பரம்பரைச் சொத்து.

டாக்டரின் காரில்தான் எல்லாரும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கார் மலை ஏறத் தொடங்கியது. முன் சீட்டில் எதிரிகள் இருவரும் தேங்காய் விலையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். தாழ்த்துவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"சம்மந்தி, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"வூட்ல சொல்லிட்டேன். நான் பாண்டிச்சேரி போறேன், வர்ற வரிக்கும் சோறு நீங்களே ஆக்கிக்கங்கன்னு."

"இன்னும் ஜெயிக்கவே இல்லீங்களே!"

"அதான் பயமா கீது. பையன் சிரிக்கறான். சர்வீஸ் பூரா கோகோ டீமு, கபடி டீமுன்னு பொண்ணுங்கள இட்டுக்கினு எவ்ளோ ஊருக்குப் போயிருக்கேன்! எல்லா ஊர்லயும் கோட்டுக்கு இந்தாண்டயே நின்னுக்கினு கத்திக்கினு இருந்தேன். ஒருவாட்டி... ஒரே ஒருவாட்டி நான் ஆடறதுக்குப் போவணும் சம்மந்தி."

சிரிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவரை எனக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அந்த நிமிடத்திலிருந்து இல்லை.

மூன்றில் இரண்டு கேம் எடுப்பவர் புதுச்சேரிக்கு. காலையில் முதல் கேமை அவர்கள் எடுத்தார்கள். இரண்டாவதை நாங்கள் எடுத்தோம். நடுவில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் காரச் சட்னியும் வந்தது. டாக்டர் எங்கள் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றார். பதற்றத்தில் நாங்கள் கவனிக்கவில்லை.

மூன்றாவது கேம். பிரிட்ஜில் முதலில் ஏலம் நடக்கும். எத்தனை பிடி பிடிப்போம் என்று வாக்குக் கொடுப்பதுதான் ஏலம். நாலு பேரும் முதலில் இறங்கிய இனத்திலேயே ஆளுக்கொரு சீட்டு போட, அந்த இனத்தில் பெரிய சீட்டு அள்ளிக்கொண்டு போவது ஒரு பிடி. சம்பந்தியம்மா மற்ற இனத்தை வெட்டுகிற துருப்பே இல்லாமல் ஒன்பது பிடி என்று ஏறி ஏலத்தை எடுத்தார். ஒன்பது வந்தால் கேம் எங்களுக்கு, புதுச்சேரியும் எங்களுக்கு. எட்டோடு நின்றால் அந்தத் தெம்பில் அவர்கள் எங்களைத் தின்றுவிடுவார்கள், கிழங்கைத் தின்ற மாதிரி.

ஏலம் எடுத்தவரின் ஜோடிக்கு இந்த ஆட்டத்தில் ஒரு பதவி உண்டு. டம்மி. தன் சீட்டு அத்தனையும் மேஜையில் எல்லாரும் பார்க்க விரித்துவிட வேண்டும். பிறகு பேசக் கூடாது. ஏலம் எடுத்தவர் எந்தச் சீட்டைச் சொல்கிறாரோ அதை எடுத்துப் போடுகிற கைதான் அவர். என்னைப் போல வாரா வாரம் இந்தப் பத்தியில் பேசியே பிழைக்கிற ஆளுக்கு இதைவிடக் கடுங்காவல் வேண்டுமா?

நான் விரித்தேன். ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி. டைமண்டில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது. மற்றதெல்லாம் உதவாக்கரை. சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது.

"சார், நீங்க ஏரியப் பாத்துக்கினு உக்காருங்க. வாய் பேசாட்டியும் உங்க மூஞ்சி ஜாஸ்தி பேசுது" என்றார் பாய். ஏரியைப் பார்த்தேன். ஓரக்கண் மேஜையில்தான் இருந்தது.

சம்பந்தியம்மாவிடம் இருந்தது ஸ்பேடில் இரண்டே குட்டிச் சீட்டு, நாலும் ஏழும். டைமண்டில் ஒரே ஒரு சீட்டு, அந்த ஏஸ். ஹார்ட்டில் ஒரு ஏஸ். கணக்கு போட்டுப் பாருங்கள். என் ஸ்பேட் மூன்று, என் டைமண்ட் ஐந்து, அவருடைய ஹார்ட் ஏஸ் ஒன்று. சரியாக ஒன்பது! கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி கை.

ஒரே ஒரு சிக்கல். எந்தக் கை பிடித்ததோ அந்தக் கையிலிருந்துதான் அடுத்த சீட்டை இறக்க வேண்டும். என் கையை மலை உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டைமண்ட் அங்கே மூட்டை கட்டித் தயாராக இருக்கிறது. சம்பந்தியம்மாவின் கை அடிவாரம். டைமண்ட் ஏஸ் ஒரு பிடியைப் பிடித்தால் ஆட்டம் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். திரும்ப மேலே ஏற ஒரே பஸ்தான் உண்டு. அவர் கையிலிருக்கும் குட்டி ஸ்பேட்.

நான் விரிப்பதற்கு முன்பே டாக்டர் ஸ்பேட் ஜாக்கியை இறக்கி ஆரம்பித்திருந்தார்.

"ஏஸ்!" என்றார் சம்பந்தியம்மா. போட்டேன். பாய் ஒரு சின்ன ஸ்பேட், அவர் நாலு. முதல் பிடி எங்களுக்கு. இப்போது செய்ய வேண்டியது என்ன? என்னிடமிருந்து ஒரு டைமண்டை அவர் ஏஸுக்கு அனுப்ப வேண்டும். பிறகு அவர் அந்த ஏழு ஸ்பேடில் ஏறி என் ராஜாவுக்கு வர வேண்டும். அப்புறம் ஊர்வலம்தான். என் கை டைமண்டின் பக்கம் தானாகவே நகர்ந்தது.

"ராஜா!"

எந்த ராஜா? ஸ்பேட் ராஜா! ஆனால் நான் கை, அவ்வளவுதான். போட்டேன். அவர் ஏழைப் போட்டார். இரண்டாவது பிடியும் எங்களுக்கு. அவரிடம் இருந்த கடைசி ஸ்பேட் போயே போய்விட்டது. மலைக்குப் போகிற ஒரே பஸ்ஸைத் தானே கை காட்டி அனுப்பிவிட்டார்.

டாக்டர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் யாருக்கோ பல் போகப் போகிறது என்று அர்த்தம். பாய் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

சம்பந்தியம்மாவுக்கும் அப்போதுதான் புரிந்தது. மேஜையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, மலைக் குளிரிலும். 'ஆண்டவா, அந்த வீட்டில் யாரும் இவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது' என்று நான் ஏரியைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தார்.

"ராணி" என்றார். குரலில் விசில் இல்லை.

என் ஸ்பேட் ராணியைப் போட்டேன். பாய் ஒன்று போட்டார். சம்பந்தியம்மாவிடம் ஸ்பேட் இல்லை, வேறு எதையாவது கழிக்க வேண்டும். வேறு இனம் எவ்வளவு பெரிய சீட்டானாலும் பிடிக்காது. கையில் உதவாத ஹார்ட், உதவாத கிளாவர் எத்தனையோ இருந்தன. விரல் அவற்றின் மேலெல்லாம் ஓடியது. நின்றது. டைமண்ட் ஏஸை உருவியது. மேஜையில் போட்டது.

இங்கேதான் நாம் ஆரம்பித்தோம்.

எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? போச்சு, பதற்றத்தில் மூங்கில்துறைப்பட்டுக்கே போய்விட்டார்! ஏஸ் மூன்றாவது ஆள் என்று நினைத்துவிட்டார்!

டாக்டருக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. "டீச்சர், இது முந்நூத்தி நாலு இல்லீங்க..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார்" என்றார் சம்பந்தியம்மா. நிமிர்ந்து உட்கார்ந்தார். "சம்மந்தி! டைமன் ராஜா!"

விசில் திரும்ப வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்பேட் ராணி பிடித்தது என் கையில். ஆட்டம் இன்னும் மலை உச்சியில்தான் இருக்கிறது. கீழே இழுக்க இருந்த ஒரே ஆள் அந்த டைமண்ட் ஏஸ். அதைத்தான் தூக்கிப் போட்டாயிற்றே! ஏஸ் இல்லாத ஊரில் ராஜாதான் ராஜா.

ராஜா பிடித்தது. "ராணி!" பிடித்தது. "ஜாக்கி!" பிடித்தது. "பத்து!" "ஒம்பது!" பி.டி. டிரில் மாதிரி கூப்பிடக் கூப்பிட நான் போட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். கடைசியில் என்னிடமிருந்து ஒரு ஹார்ட், அவருடைய ஹார்ட் ஏஸ். ஒன்பது! மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

சம்பந்தியம்மா எழுந்தார். வராந்தா ஓரத்துக்குப் போனார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள்... ஏரியில் பெடல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நேரம் முடிந்துவிட்டது என்று படகைக் கரைக்குத் திருப்பினார்கள். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. டம்மிக்கு அப்போது வாய் திறக்க அனுமதி வந்துவிட்டது. வாயில்தான் வார்த்தை வரவில்லை.

திரும்பி வரும்போது காரில் போஸ்ட்மார்ட்டம். பிரிட்ஜ்காரர்கள் செத்த ஆட்டத்தைக் கூறு போடாமல் வீடு போய்ச் சேர மாட்டார்கள்.

பாய் பின்னால் திரும்பினார். "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. மொத ஸ்பேட புடிச்ச கையோட டைமன் ஏஸுக்கு எறங்கிட்டு, அந்த ஏழ வெச்சிக்கினு திரும்ப மேல வந்திருந்தீங்கன்னா அப்பவே வேல முடிஞ்சிது. இன்னாத்துக்கு இவ்ளோ கூத்து?"

"தப்புதான் பாய்" என்றார் அவர். "எங்க ஆட்டத்துல பெரிய சீட்டு வந்தா, அடுத்தவன் துருப்பால வெட்டறதுக்குள்ள எறக்கி வாரிக்கினு வந்துடணும். பழகின கை, தன்னால போய்ட்ச்சி. எறக்கனதுக்கு அப்புறந்தான் முழிச்சேன்."

"சரி, ஏஸைத் தூக்கிப் போட எப்படித் தோணுச்சு? எனக்கெல்லாம் சத்தியமா தோணியிருக்காது" என்றார் டாக்டர்.

"அதுவும் அங்க பழகினதுதான் சார். நீங்கல்லாம் ஏஸ சாமி மாதிரி வெச்சிக்கினு கீறீங்க. எங்களுக்கு அது மூணாவது ஆளு. வழிய மறிச்சிக்கினு நின்னா, தள்ளுப்பான்னு தள்ளிட்டுப் போறோம்."

கார் பூராவும் சிரித்தது. ரொம்ப நேரம் சிரித்தது டாக்டர்தான். வேறு மாதிரிச் சிரிப்பு.

எனக்கு அன்றிலிருந்து ஒரே யோசனை. பழக்க தோஷம் என்று சொல்கிறோமே... அவரைக் குழியில் தள்ளியதும் அந்தப் பழக்கம், கை கொடுத்துத் தூக்கியதும் அதே பழக்கம். இதில் எதைத் திட்டுவது, எதைக் கொண்டாடுவது? இன்னொன்றும் பாருங்கள். அவர் ஒழுங்காக ஆடியிருந்தால் அதே ஒன்பது பிடிதான் வந்திருக்கும். யாரும் மூச்சுவிட்டிருக்க மாட்டோம். தினமும் நேரத்துக்கு வருகிற சாப்பாட்டை எந்த வீட்டில் பாராட்டுகிறார்கள்? உப்பு கரித்த சாம்பாரில் உருளைக்கிழங்கைப் போட்டு மீட்ட அன்றைக்குத்தான் "அட!" என்கிறோம். உலகத்தில் பாதி சாமர்த்தியம் தான் செய்த சொதப்பலைத் தானே சரிக்கட்டியதாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். நான் வங்கியில் வாங்கிய பாராட்டுகள் அத்தனையும் அந்த ரகம்தான்.

போன வாரம் புதுச்சேரி போனோம். பஸ் எலவனாசூர்கோட்டை தாண்டுவதற்குள் சம்பந்தியம்மா மடியில் துண்டை விரித்துச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிட்டார். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பயப்படாத தம்பி, காசு வெச்சி இல்ல" என்று அவரையும் சமாதானப்படுத்தினார்.

முடிவைக் கேட்காதீர்கள். பட்டியலைக் கீழேயிருந்து படித்தால் எங்கள் பெயர் சீக்கிரம் கிடைக்கும். அங்கே எல்லாரும் அப்படி ஆடுகிறார்கள். "அடுத்த வருசம் வெச்சிக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்ல வந்தது முதல் நாள் காலை நடந்தது. அரங்க வாசலில் ஒரு சின்னப் பெண் மேஜை போட்டு உட்கார்ந்து பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தாள். புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக வந்து நின்ற சம்பந்தியம்மாவை அன்பாகப் பார்த்தாள்.

"அம்மா, கூட வந்தவங்களுக்கு அந்தப் பக்கம் சேர் போட்டிருக்கோம். இது ப்ளேயர்ஸ் வரிசை."

சம்பந்தியம்மா அந்த நாற்காலிகளை ஒரு நிமிடம் பார்த்தார். ஆயுசு பூராவும் அவர் நின்ற பக்கம் அல்லவா அது?

"நான் ஆட வந்துகீறேன்மா" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டது அது இரண்டாவது தடவை. அந்தப் பெண் எழுந்தே நின்று பேட்ஜைக் கொடுத்தாள். அதைக் குத்தி, ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தி, நீங்களும் ப்ளேயர்னு சட்டுனு சொல்லிடுங்க. இல்லாட்டி உங்கள அந்தாண்ட உக்கார வெச்சிடப் போறாங்க!"